ஹெவி லைசென்ஸ் புதிது: லோக்கல் ஓட்டலாமா, லைனுக்குப் போகலாமா?
ஹெவி லைசென்ஸ் புதிதாக எடுத்திருக்கிறேன், லாரியை உள்ளூர்ப் பக்கமே ஓட்டலாமா, இல்லை லைனுக்கு, அதாவது நெடுந்தூர ஓட்டத்துக்குப் போகலாமா என்று கேட்கிறீர்கள். ஊர் செங்கோட்டைப் பக்கம் என்கிறீர்கள். அப்படியென்றால் முதல் ஒரு வருடம் லோக்கல்தான். பாவூர்சத்திரத்தில் காய்கறி ஏற்றி, புளியரை வழியாகப் புனலூரில் இறக்கிவிட்டு வந்தாலே பாதித் தொழில் கைக்கு வரும். கேரள எல்லையில் இருக்கும் கோட்டைவாசலுக்கு முன்னால் எஸ் வளைவில் மழைநேரத்தில் லோடோடு ஏறிப் பாருங்கள். எதிரே பஸ் வரும், பின்னால் கார்க்காரன் ஹாரன் அடிப்பான். இறங்கும்போது, ஏறிய கியரிலேயே இறங்குங்கள். பிரேக்கையே மிதித்துக்கொண்டிருந்தால் பிரேக் டிரம் சூடாகி, வேண்டிய நேரத்தில் பிடிக்காது.

லைனில் பேட்டா கூடுதல், சரி. ஆனால் நாளுக்கு 8 மணி நேர வேலை என்ற சட்டமெல்லாம் அங்கே பேச்சளவில்தான். வடக்கே போனால் வீடு திரும்ப வாரக்கணக்காகும். அப்புறம், முதலாளியிடம் ஒன்று கேளுங்கள்: கூட இன்னொரு டிரைவர் உண்டா? தனியாகத்தான் என்றால் இப்போதைக்கு வேண்டாம்.