4,200 லைக், எத்தனை புடவை?

கேள்வி: ஈரோட்டில் நாற்பது வருடமாக ஜவுளிக்கடை நடத்துகிறோம். காட்டன் புடவை, சென்னிமலை பெட்ஷீட், பவானி ஜமக்காளம். அக்கா பையன் பேச்சைக் கேட்டு நான்கு மாதமாக ஃபேஸ்புக்கிலும் இன்ஸ்டாகிராமிலும் மாதம் 15,000 ரூபாய்க்கு விளம்பரம் கொடுக்கிறோம். 4,200 லைக் வந்திருக்கிறது, ரிப்போர்ட் பிரமாதம் என்கிறான். கல்லாவில் எனக்கு ஒரு வித்தியாசமும் தெரியவில்லை. சமூக வலைத்தள விளம்பரத்தால் வியாபாரத்துக்குப் பிரயோஜனம் உண்டா, இல்லை ஆற்றில் கரைத்த புளியா?
– வாசகர், ஈரோடு

பதில்: நீங்கள் காசு கொடுத்துக் கேட்டது லைக். லைக் வந்துவிட்டது. இதில் ஃபேஸ்புக்கைக் குறை சொல்ல வழியில்லை.

விளையாட்டுக்குச் சொல்லவில்லை. விளம்பரம் கொடுக்கும்போது, எதற்காக இந்த விளம்பரம் என்று அந்த நிறுவனம் கேட்கும். நாலு பேர் பார்த்தால் போதுமா, லைக்கும் கமென்டும் வேண்டுமா, வாட்ஸ்அப்பில் விசாரணை வர வேண்டுமா, விற்பனை வேண்டுமா என்று தனித்தனியாகத் தேர்ந்தெடுக்கலாம். பதிவுக்குக் கீழே இருக்கும் 'பூஸ்ட்' பொத்தானை அவசரத்தில் தட்டி, லைக், கமென்ட் கணக்கிலேயே விட்டுவிட்டால், அது லைக் போடும் பழக்கமுள்ளவர்களாகத் தேடிப் பிடித்து உங்கள் புடவையைக் காட்டும். அந்த வேலையில் அது கில்லாடி. புடவைப் படத்துக்கு இதயம் போடுகிறவர்களும் புடவை வாங்குகிறவர்களும் ஒரே கூட்டம் இல்லை என்பது அதற்குத் தெரியும். உங்கள் அக்கா பையனுக்கு யாரும் சொல்லவில்லை.

லைக் போட்டவர்கள் பக்கத்தைப் பின்தொடர்ந்தால் அப்புறம் சும்மாவே விளம்பரம் செய்துகொள்ளலாமே என்று தோன்றும். அந்தக் காலம் போயாயிற்று. ஒரு பக்கத்தின் பதிவு அதன் ரசிகர்களில் சராசரியாக 16 சதவீதம் பேருக்குத்தான் போய்ச் சேர்கிறது என்று 2012லேயே ஃபேஸ்புக் சொன்னது. அதன் பிறகு அது இறங்குமுகம்தான். 2018 ஜனவரியில், நண்பர்கள், குடும்பத்தார் பதிவுகளுக்கே இனி முதலிடம், வியாபாரப் பக்கங்களுக்குப் பின்வரிசை என்று அறிவித்தே விட்டார்கள். நீங்கள் சேர்த்த கூட்டத்தைப் பார்க்க நீங்களே மறுபடி டிக்கெட் வாங்க வேண்டும்.

சரி, ரிப்போர்ட் பிரமாதம் என்கிறாரே, அதைப் பார்ப்போம். விளம்பரத்தை விற்றவர்தான் அது வேலை செய்ததா என்று கணக்கும் எழுதுகிறார். பரீட்சை எழுதிய பையனே விடைத்தாளைத் திருத்துகிற மாதிரி. வெப்சைட்டில் விற்கிறவர்கள் விஷயத்தில் இது இன்னும் வேடிக்கை. விளம்பரத்தைத் தட்டியவர் ஏழு நாளுக்குள் வாங்கினாலும், தட்டாமல் பார்த்தவர் ஒரு நாளுக்குள் வாங்கினாலும், அந்த விற்பனை விளம்பரத்தால் வந்தது என்று எழுதிக்கொள்வதுதான் மெட்டாவின் (ஃபேஸ்புக், இன்ஸ்டாகிராம் இரண்டையும் நடத்தும் கம்பெனி) வழக்கமான ஏற்பாடு. திங்கட்கிழமை ராத்திரி உங்கள் விளம்பரம் ஒரு அம்மாவின் திரையில் வருகிறது. கட்டைவிரலால் தள்ளிவிட்டுப் போய்விடுகிறார். மகள் கல்யாணத்துக்கு ஜமக்காளம் உங்களிடம்தான் வாங்குவது என்று போன மாதமே முடிவு செய்தவர் அவர். செவ்வாய்க்கிழமை காலை ஆர்டர் போடுகிறார். பெயர் விளம்பரத்துக்கு.

கணக்கிலேயே கோளாறு வந்ததும் உண்டு. வீடியோ விளம்பரங்களை மக்கள் சராசரியாக எவ்வளவு நேரம் பார்க்கிறார்கள் என்ற கணக்கை இரண்டு வருடமாகக் கூட்டிக் காட்டிவிட்டோம் என்று 2016 செப்டம்பரில் ஃபேஸ்புக் ஒப்புக்கொண்டது. விளம்பரதாரர்கள் வழக்குப் போட்டார்கள். 2019ல் 4 கோடி டாலருக்கு சமரசம் ஆனது.

ஆகவே 'எத்தனை பேர் பார்த்தார்கள்' என்பதை விடுங்கள். விளம்பரம் இல்லாமலே வந்திருக்கக்கூடியவர்கள் எத்தனை பேர் என்று பாருங்கள். இதைத் துணிந்து சோதித்துப் பார்த்தது ஈபே என்ற இணையச் சந்தை. அவர்கள் சோதித்தது கூகுள், யாஹூ மாதிரியான தளங்களில் எதையாவது தேடும்போது வரும் விளம்பரம். சமூக வலைத்தளம் இல்லை. ஆனாலும் உங்கள் கதைக்கு அச்சாகப் பொருந்தும். 2012ல், 'ஈபே' என்ற பெயரையே தேடுகிறவர்களுக்குக் காட்டிய விளம்பரத்தை சில தேடுதளங்களில் நிறுத்திப் பார்த்தார்கள். விளம்பரம் வழியாக வந்துகொண்டிருந்தவர்கள் கிட்டத்தட்ட அத்தனை பேரும் அதே பக்கத்தில் இருந்த சாதாரண இணைப்பைத் தட்டி வந்து சேர்ந்தார்கள். இத்தனை நாள், கடைக்கு வந்துகொண்டிருந்தவரை வழியில் மறித்து 'கடைக்கு வாங்க' என்று சொல்லக் காசு போயிருக்கிறது. அடுத்து, அமெரிக்காவின் சில பகுதிகளில் மட்டும் கூகுள் விளம்பரத்தையே மொத்தமாக நிறுத்தினார்கள். அடிக்கடி வாங்குகிறவர்களிடம் மாற்றமே இல்லை. புதியவர்கள், எப்போதோ ஒரு தடவை வாங்குகிறவர்கள், இவர்களிடம் மட்டும்தான் விளம்பரம் வேலை செய்திருந்தது.

ஃபேஸ்புக்கிலேயே நடந்த 15 பெரிய சோதனைகளை அமெரிக்க ஆய்வாளர்கள் எடுத்துப் பார்த்து 2019ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். குலுக்கல் முறையில் ஒரு பகுதியினருக்கு விளம்பரத்தைக் காட்டாமலே விட்டு ஒப்பிட்ட சோதனைகள். சில விளம்பரங்கள் நன்றாகவே வேலை செய்திருந்தன. சிலவற்றால் பலன் கண்ணில் படவில்லை. ஆனால் அப்படி ஒப்பிடாமல், பார்த்தவர்களையும் பார்க்காதவர்களையும் புள்ளிவிவரக் கணக்கில் சரிக்கட்டி அளந்தபோது, பல தடவை பலன் உண்மையைவிடப் பெரிதாகத் தெரிந்தது.

பெரிய கம்பெனிகள் பட்டதையும் சொல்லிவிடுகிறேன். ஃபேஸ்புக் பங்குச் சந்தைக்கு வருவதற்குச் சில நாள் முன்பு, 2012 மே மாதம், ஜெனரல் மோட்டார்ஸ் கார் கம்பெனி வருடம் 1 கோடி டாலர் விளம்பரத்தை நிறுத்தியது. பலன் போதவில்லையாம். அடுத்த ஏப்ரலில் திரும்பி வந்துவிட்டது. ஏரியல் சோப்புத்தூள் தயாரிக்கும் பிராக்டர் அண்ட் கேம்பிள் கதை இன்னும் சுவாரசியம். ஃபெப்ரீஸ் என்ற வாசனை ஸ்ப்ரேயை, வீட்டில் நாய், பூனை வளர்ப்பவர்களுக்கும் பெரிய குடும்பங்களுக்கும் மட்டும் பொறுக்கி எடுத்து ஃபேஸ்புக்கில் காட்டினார்கள். விற்பனை நகரவில்லை. 18 வயதுக்கு மேற்பட்ட எல்லோருக்கும் என்று திறந்துவிட்ட பிறகு ஏறியது. குறிபார்த்து அடிப்பதே இந்த விளம்பரத்தின் பெருமை என்று பேசிக்கொண்டிருந்த நேரத்தில் இது நடந்தது. அதே கம்பெனி 2017ல் ஒரே காலாண்டில் 10 கோடி டாலருக்கு மேல் இணைய விளம்பரத்தை வெட்டியது. விற்பனையில் பெரிய அடி எதுவும் இல்லை என்று அவர்களே சொன்னார்கள்.

இதையெல்லாம் வைத்து எல்லாமே ஏமாற்று என்று முடிவு கட்டினால் அதுவும் தப்பு. 2020 ஜூலையில் வெறுப்புப் பேச்சைத் தடுக்கவில்லை என்று ஆயிரத்துக்கும் மேற்பட்ட நிறுவனங்கள் ஃபேஸ்புக்கைப் புறக்கணித்தன. அந்தக் காலாண்டில் ஃபேஸ்புக்கின் வருமானம் முந்தைய வருடத்தைவிட 22 சதவீதம் கூடியது. அப்போதே அங்கே ஒரு கோடி விளம்பரதாரர்கள். பெரும்பாலும் உங்களைப் போன்ற சிறு கடைக்காரர்கள். அத்தனை பேரும் ஏமாளிகள் என்று சொல்ல எனக்கு மனம் வரவில்லை. 2021 ஏப்ரலில் ஆப்பிள், பயனரின் அனுமதி இல்லாமல் ஒரு செயலி அவரை மற்ற செயலிகளிலும் தளங்களிலும் பின்தொடரக் கூடாது என்று ஐபோனில் பூட்டுப் போட்டது. விளம்பரம் குறி தவறியது, ஆன்லைன் வியாபாரிகள் பலர் புலம்பினார்கள். அந்த மாற்றத்தால் 2022ல் மட்டும் ஏறக்குறைய 1,000 கோடி டாலர் வருமானம் போகும் என்று மெட்டா கணித்தது. ஒன்றுக்கும் உதவாத சரக்கு என்றால் அது மழுங்கியதும் இத்தனை சத்தம் ஏன் வரப்போகிறது?

யாருக்கு உதவும் என்றால், ஈபே சோதனையில் வந்த பதில்தான்: உங்களைத் தெரியாதவருக்கு. ஈரோட்டில் நாற்பது வருடமாக இருக்கும் கடையின் காட்டன் புடவையை ஈரோட்டுக்காரருக்கே விளம்பரப்படுத்தி என்ன ஆகப்போகிறது? அவர் தீபாவளிக்கும் முகூர்த்தத்துக்கும் எப்படியும் வருவார், அல்லது எப்படியும் பக்கத்துக் கடைக்குப் போவார். ஆனால் சென்னையிலோ பெங்களூரிலோ ஃப்ளாட்டில் இருக்கும் ஒருவருக்கு அசல் கைத்தறி பவானி ஜமக்காளம் எங்கே கிடைக்கும் என்று தெரியாது. விசைத்தறியில் ஓட்டிய விரிப்பைப் பவானி என்று சொல்லி அவர் தலையில் கட்டுகிறார்கள். புவிசார் குறியீடு பெற்ற சரக்கு உங்கள் கையில் இருக்கிறது. குழித்தறியில் நெய்வதையும், விரிப்பின் ஓரம் எப்படி இருக்க வேண்டும் என்பதையும் அரை நிமிட வீடியோவாக எடுத்து, அந்த ஊர்களுக்கு மட்டும் காட்டுங்கள். ஜமக்காளம் கனம், கூரியர் செலவு கடிக்கும். அதனால் முதலில் சென்னிமலை பெட்ஷீட்டில் ஆரம்பிக்கலாம்.

நோக்கம் என்ற இடத்தில் வாட்ஸ்அப் விசாரணையைத் தேர்ந்தெடுங்கள். எத்தனை பேர் விலை கேட்டார்கள், எத்தனை பேர் பணம் அனுப்பினார்கள் என்பது உங்கள் போனிலேயே இருக்கும், யார் ரிப்போர்ட்டும் வேண்டாம். விலையைப் பதிவிலேயே போடுங்கள். விலை கேட்டவருக்கு 'இன்பாக்ஸ் ப்ளீஸ்' என்று பதில் எழுதும் வழக்கத்தை யார் கண்டுபிடித்தார்களோ, அவரால் போன வியாபாரம் கொஞ்சநஞ்சம் இல்லை. இரவு எட்டு மணிக்கு வரும் கேள்விக்கு மறுநாள் மத்தியானம் பதில் போகும் என்றால், விளம்பரமே வேண்டாம்.

இப்போது கூட்டிக் கழித்துப் பாருங்கள். 15,000 ரூபாய்க்கு 18 சதவீதம் ஜிஎஸ்டி சேர்த்தால் 17,700. ஒரு புடவை 1,200 ரூபாய், அதில் உங்களுக்கு 240 நிற்கிறது என்று வைத்துக்கொள்வோம். வழக்கமாக வரும் கூட்டம் போக, மாதம் 74 புடவை கூடுதலாக விற்றால்தான் விளம்பரக் காசாவது திரும்பும். கூடுதலாக 74 புடவை போனால் கல்லாவில் உட்கார்ந்திருக்கும் உங்களுக்குத் தெரியாமலா இருக்கும்?

உள்ளூர் விளம்பரத்தையும் ஒரு தடவை சோதித்துவிட்டே நிறுத்துகிறேன் என்றால், போன மாதத்தோடு இந்த மாதத்தை ஒப்பிடாதீர்கள். ஆடித் தள்ளுபடியையும் மார்கழியையும் ஒப்பிட்டு ஒரு முடிவுக்கும் வர முடியாது. கோபிக்கும் சத்தியமங்கலத்துக்கும் மட்டும் விளம்பரம் காட்டுங்கள். பவானிக்கும் பெருந்துறைக்கும் நிறுத்துங்கள். பில் போடும்போது போன் நம்பரோடு எந்த ஊர் என்றும் கேட்டு எழுதச் சொல்லுங்கள். அடுத்த மாதம் ஊர்களை மாற்றிப் போடுங்கள். விளம்பரம் போன ஊர்க்காரர்கள் தெளிவாகக் கூடியிருந்தால் தொடரலாம். சின்னக் கடையில் சின்ன வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாது, அது வாஸ்தவம். கண்ணுக்கே தெரியாத லாபத்துக்கு 17,700 ரூபாய் அதிகம்.

பழைய வாடிக்கையாளர்களுக்குக் காசு கொடுத்து விளம்பரம் காட்டவே வேண்டாம். அவர்கள் நம்பர் பட்டியலை விளம்பரக் கணக்கில் ஏற்றி, இவர்களுக்குக் காட்டாதே என்று விலக்கி வைக்க வழி இருக்கிறது. அவர்களுக்குப் புதுச்சரக்கு வந்த சேதியை வாட்ஸ்அப் பிசினஸ் செயலியில் அனுப்பலாம். ஒரு பட்டியலுக்கு 256 பேர், அவர்கள் போனில் உங்கள் நம்பரைச் சேமித்திருக்க வேண்டும். கூகுள் மேப்பில் கடையின் பெயர், நேரம், விடுமுறை நாள், நாலு நல்ல படம் சரியாக இருக்கிறதா என்றும் பாருங்கள். அதற்குக் காசு கிடையாது.

கடைசியாக ஒன்று. அந்த விளம்பரக் கணக்கு யார் பெயரில் இருக்கிறது? அக்கா பையன் தன் பெயரில் ஆரம்பித்திருந்தால் பில்லும் அவர் பெயரில்தான் வரும். கடையின் ஜிஎஸ்டி எண் அதில் இல்லாவிட்டால் மாதம் 2,700 ரூபாய் உள்ளீட்டு வரி வரவு (நீங்கள் கட்ட வேண்டிய ஜிஎஸ்டியில் கழித்துக்கொள்ளும் தொகை) உங்களுக்கு வராது. நாளைக்கே அவர் பெங்களூரில் வேலை கிடைத்துப் போய்விட்டால் பக்கமும் கணக்கும் அவரோடு போய்விடும். இன்றைக்கே கூப்பிட்டு, கணக்கைக் கடை பெயருக்கு மாற்றி, உங்களையும் ஒரு அட்மினாகப் போடச் சொல்லுங்கள்.