சியாபு எடுக்கும் தம்பிக்கு மெத்தடோன் கொடுத்தால் சரியாகுமா?

அக்கா, சுங்கை சிப்புட் தோட்டத்தில் குலை வெட்டும் தம்பி மூன்று நாளாகத் தூங்கவில்லை, லயத்துக்குப் பின்னால் யாரோ நிற்பதாகச் சொல்கிறான் என்று எழுதியிருக்கிறீர்கள். படித்ததும் மனசு கனத்துவிட்டது.

மெத்தடோன் என்ற மாற்று மருந்து ஹெராயின் போன்றவற்றுக்குத்தான். சியாபு என்பது மெத்தாம்பெட்டமின் என்ற போதைப்பொருள், அதற்கு உதவாது. கிராக் கொக்கேயினுக்கும் அதே கதை. இரண்டுக்குமே ஏக்கத்தை அடக்கும் அங்கீகரிக்கப்பட்ட மருந்து இன்னும் இல்லை. கிராக் போதை சில நிமிடங்களில் இறங்கிவிடும். சியாபுவோ பல மணி நேரம் மூளையில் டோபமைன் என்ற இன்ப உணர்வு தரும் ரசாயனத்தைக் கொட்டவைத்து, தூக்கத்தையும் பசியையும் தின்றுவிடும். அந்தப் பயம் அதனால் வருவதாகவே இருக்கும், அவன் நடிக்கவில்லை. வாதம் செய்யாதீர்கள். நெஞ்சு வலித்தாலோ, பாராங் கத்தியைத் தூக்கினாலோ உடனே 999.

நிறுத்திய முதல் நாள்களில் தூங்கித் தூங்கி விழுவான், மனம் இருண்டுபோகும். தற்கொலை எண்ணம் வரக்கூடிய நேரம் அது, தனியே விடாதீர்கள்.

மருந்து இல்லையென்றால் சிகிச்சையே இல்லை என்று நினைக்க வேண்டாம். தொடர்ந்த ஆலோசனையும், சிறுநீர்ச் சோதனையில் சுத்தமாக வந்தால் சிறு பரிசு தரும் முறையும் நல்ல பலன் தந்திருக்கின்றன. கேட்கச் சாதாரணமாகத்தான் இருக்கும். போதைக்கு அடிமையானோரின் சிகிச்சை, மறுவாழ்வுக்கான மலேசியாவின் 1983ஆம் ஆண்டுச் சட்டத்தின் 8ஆம் பிரிவுப்படி அவனே முன்வந்து ஏஏடிகே (தேசியப் போதைப்பொருள் தடுப்பு நிறுவனம்) அலுவலகத்தில் சிகிச்சை கேட்கலாம். பிடிபடும்வரை காத்திருக்காதீர்கள். ஆனால் இன்றைய நிலையில் முதலில் அரசாங்க மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். மானம் பார்க்காமல், சியாபு என்றே டாக்டரிடம் சொல்லுங்கள்.