பூனை பொம்மையும் பாஸ்டெட்டும்

வணக்கம் சார்,

எகிப்து போய்வந்த நண்பர் ஒரு கருப்புப் பூனை பொம்மை கொடுத்தார். காதில் வளையம், மூக்கில் வளையம். பாஸ்டெட் என்ற தெய்வமாம். ‘பிளாக் பாந்தர்’ படத்தில் பாஸ்ட் என்று வரும் தெய்வமோ சிறுத்தை. என் மகன் விளையாடும் கேமில் பூனைத் தலை வைத்த கவர்ச்சிப் பெண். இதில் எது அசல்? எல்லாமே வியாபாரத்துக்காக ஜோடித்ததுதானா?

செ., திருச்சி

அன்புள்ள செ.,

மூன்றில் படம்தான் அசலுக்குக் கொஞ்சம் கிட்ட வருகிறது. சிறுத்தை இல்லை, பெண் சிங்கம். எகிப்தின் இரண்டாம் அரச வம்சக் காலத்து (கி.மு. 2800 வாக்கில்) கல் பாத்திரங்களில் அவளுக்குச் சிங்க முகம்தான். பூனை முகம் பரவலானது கி.மு. முதலாம் ஆயிரத்தாண்டில்.

அப்போதும் சிங்கம் போய்விடவில்லை. பூனைத் தலை கொண்ட வெண்கலச் சிலைகள் பல அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. ஒரு கையில் கிலுகிலுப்பை, காலடியில் குட்டிகள், பார்க்கச் சாதுவாகத்தான் இருப்பாள். இன்னொரு கையில் மார்போடு சேர்த்துப் பிடித்திருக்கும் அணியை உற்றுப் பாருங்கள்: அதில் சிங்க முகம். எனக்கு அந்தச் சிலைகளில் மிகவும் பிடித்த இடம் அதுதான்.

கேமைப் பற்றி என்ன சொல்வது? பழங்காலக் கிரேக்க வரலாற்றாசிரியர் ஹெரோடோட்டஸ் அவளை ஆர்ட்டெமிஸ் என்கிறார், அதாவது கிரேக்கர்களின் கன்னித் தெய்வம். ஆனால் அவளுடைய ஊரான புபாஸ்டிஸ் திருவிழாவுக்குப் படகில் போகும் பெண்கள் கரையோர ஊர்க்காரிகளைக் கேலி பேசி, ஆடையைத் தூக்கிக் காட்டினார்கள் என்று எழுதியவரும் அவரே. வருடம் முழுக்கக் குடிக்காத அளவு திராட்சை மது அந்த ஒரு விழாவில் செலவானதாம். கூட்டம் 7 லட்சம் என்று ஊர்க்காரர்கள் சொன்ன கணக்கை அப்படியே எழுதிவைத்திருக்கிறார். திருவிழாக் கூட்டத்துக்கு ஊர்க்காரர்கள் சொல்லும் கணக்கு எப்படியிருக்கும் என்று உங்களுக்கே தெரியும்.

சரி, வியாபாரம். அது அன்றே இருந்தது. பக்தர்கள் நேர்த்திக்கடனாக வெண்கலப் பூனையோ பூனை மம்மியோ காசு கொடுத்து வாங்கிச் செலுத்தினார்கள். அதற்கென்றே பூனை வளர்த்து, குட்டியாக இருக்கும்போதே கழுத்தைத் திருகியிருக்கிறார்கள், எக்ஸ்ரேயில் தெரிகிறது. தெரியாத்தனமாகப் பூனையைக் கொன்ற ரோமானியன் ஒருவனைக் கூட்டம் கொன்றதை நேரில் பார்த்ததாக டியோடோரஸ் என்ற இன்னொரு கிரேக்க வரலாற்றாசிரியர் எழுதியதும் இதே நாட்டைப் பற்றித்தான். மான்செஸ்டரில் 800க்கு மேற்பட்ட விலங்கு மம்மிகளை ஸ்கேன் செய்தபோது சுமார் மூன்றில் ஒரு பங்கில் விலங்கே இல்லை. துணிக்குள் களிமண்ணும் குச்சியும் நாணலும்தான். பக்தர்களை ஏமாற்றினார்கள் என்று உடனே சொல்லிவிட முடியாது; செலுத்துகிறவருக்கு அதுவே போதுமானதாகவும் இருந்திருக்கலாம்.

அப்புறம், உங்கள் பொம்மையின் தலையில் ஒரு வண்டு உருவம் இருக்கிறதா பாருங்கள். இருந்தால் அது பிரிட்டிஷ் அருங்காட்சியகத்தில் உள்ள கேயர்-ஆண்டர்சன் பூனையின் நகல். கி.மு. 600ஐ ஒட்டிய வெண்கலச் சிலை. மூலச் சிலையில் அந்த வளையங்கள் தங்கம். கம்பீரமாக உட்கார்ந்திருந்தாலும் உடம்பின் நடுவே சுற்றிலும் விரிசல். சிலையை வைத்திருந்த மேஜர் கேயர்-ஆண்டர்சன் 1930களில் தானே உள்ளுக்குள் முட்டுக்கொடுத்து ஒட்டியதால்தான் இன்னும் தலை நிற்கிறது.