தினமும் பொது அறிவு வினாக்கள் படிப்பதால் பயன் உண்டா?

நாள்தோறும் பத்துப் பொது அறிவு வினாக்களை விடையோடு நோட்டில் எழுதுவதாகவும், வீட்டில் அதை வீண் வேலை என்று சொல்வதாகவும், தொடரலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். போட்டித் தேர்வுக்குத் தயாராகிறீர்கள் என்றே எடுத்துக்கொள்கிறேன். கட்டாயம் தொடருங்கள், ஆனால் பத்தை இரண்டாகக் குறைத்துக்கொள்ளுங்கள்.

மேலூருக்கு அருகில் ஒரு கிராமத்தில் கிளை அஞ்சல் அதிகாரியாக இருந்தபோது, ஊர்ப் படிப்பகத்தின் கரும்பலகையில் தினமும் மாலையில் ஒரு வினாவையும் முதல் நாள் வினாவின் விடையையும் பதினோரு ஆண்டுகள் எழுதிவந்தேன். இதைப் பெருமைக்காகச் சொல்வதாகச் சிலர் நினைக்கலாம்; எனக்கு அதில் பெருமை உண்டு என்பதை நான் மறைக்கவில்லை.

பெரியாறு அணை எந்த ஆண்டு கட்டி முடிக்கப்பட்டது என்று ஒருநாள் எழுதியிருந்தேன். மறுநாள் 1895 என்று விடை எழுதிக்கொண்டிருக்கையில், வயலிலிருந்து திரும்பிய பெரியவர் ஒருவர் தோளில் மண்வெட்டியோடு நின்று பலகையைப் பார்த்தார். "வருசத்தத் தெரிஞ்சு நான் என்னய்யா செய்யப் போறேன்? மேக்க ஓடுற ஆறு நம்ம கம்மாய்க்கு எப்படி வந்துச்சு? அத எழுதுங்கய்யா" என்றார். சுண்ணக்கட்டியைப் பிடித்த கை அப்படியே நின்றுவிட்டது, ஏனென்றால் அந்தத் தண்ணீரைக் குடித்து வளர்ந்த எனக்கே அது முழுமையாகத் தெரியாது.

அன்றிரவு புத்தகங்களைப் புரட்டி, தெரிந்தவர்களையும் கேட்டு, மறுநாள் பலகை முழுவதும் எழுதினேன். மேற்கு நோக்கிப் பாயும் பெரியாற்றை ஆங்கிலேயப் பொறியாளர் பென்னிகுவிக் அணை கட்டித் தேக்கியதையும், மலையைக் குடைந்த சுரங்கத்தின் வழியே அந்த நீர் கம்பம் பள்ளத்தாக்கில் இறங்கி வைகையில் கலப்பதையும், 1959-இல் திறக்கப்பட்ட வைகை அணையில் தேங்கிப் பேரணையில் கால்வாயாகப் பிரிவதையும், கள்ளந்திரி வரையில் இருபோகத்துக்கும் அதற்குக் கீழே மேலூர்ப் பகுதியில் ஒருபோகத்துக்கும் பாய்வதையும் விளக்கியிருந்தேன். பலகைக்கு முன்னால் அவ்வளவு பேர் நின்று படித்ததை அதற்கு முன் நான் பார்த்ததில்லை. 1895 என்ற எண்ணும் அதன் பிறகுதான் பையன்களுக்கு மறக்காமல் நின்றது. அன்றுமுதல் ஒவ்வொரு விடையின் கீழும் ஏன், எப்படி என்று இரண்டு வரி சேர்த்தே எழுதினேன்.

மனப்பாடம் செய்யாமல் தேர்வில் வெல்ல முடியுமா என்று சிலர் கேட்கக்கூடும். மனப்பாடமே கூடாது என்று நான் சொல்லவில்லை. அரசுப் பணிக்கான குரூப் 4 தேர்வில் 200 வினாக்களில் 75 பொது அறிவு என்பதும், ஒவ்வொன்றுக்கும் ஒன்றரை மதிப்பெண் என்பதும் எனக்குத் தெரியும். ஆனால் விடைகள் மாறிக்கொண்டே இருக்கின்றன. பழைய வழிகாட்டி நூல்களில் தமிழ்நாட்டு மாவட்டங்கள் 32. மயிலாடுதுறையும் பிரிந்த 2020-க்குப் பின் 38. நமது தேசிய விளையாட்டு ஹாக்கி என்று இன்னமும் அச்சடிக்கிறார்கள். அப்படி எந்த விளையாட்டும் அறிவிக்கப்படவில்லை என்று 2012-இல் தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின்கீழ் கேட்டதற்கு மத்திய விளையாட்டு அமைச்சகமே பதில் தந்துவிட்டது. ஆகவே விடைக்குப் பக்கத்தில் தேதியையும் குறித்து வையுங்கள்; இரண்டு நூல்களிலாவது ஒப்பிட்டுப் பாருங்கள்.

இதை வலியுறுத்த எனக்கொரு காரணம் உண்டு. என் மகள் எட்டாம் வகுப்பில் ஒரு வினாடி வினாப் போட்டிக்குப் போயிருந்தாள். மீனாட்சியம்மன் கோயில் ஆயிரங்கால் மண்டபத்தில் எத்தனை தூண்கள் என்ற கேள்விக்கு, படித்திருந்தபடி 985 என்றாள். பெயரிலேயே ஆயிரம் இருக்கிறதே என்று நடுவர் தவறு போட்டுவிட்டார். ஒரு மதிப்பெண்ணில் பரிசு போயிற்று. சரியான விடை சொன்ன பிள்ளையைப் பார்த்து எல்லோரும் சிரிக்கும்படி செய்ததை என்னால் இன்றுவரை ஏற்க முடியவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை அவளை அந்த மண்டபத்துக்கு அழைத்துப் போனேன். நோட்டில் ஐந்தைந்து கோடாகப் போட்டு வரிசை வரிசையாக எண்ணத் தொடங்கினாள். பாதி மண்டபம் தாண்டுவதற்குள் நடை சாத்தும் நேரம் ஆகிவிட்டது. விட்ட இடத்துத் தூணில் இருந்த சிற்பத்தை அடையாளத்துக்காக நோட்டில் வரைந்துகொண்டு, மிச்சத்தை எண்ண அடுத்த வாரமும் வர வேண்டும் என்றாள்.