கண் மஞ்சளானால் கீழாநெல்லிக்கு முன் ஸ்கேன்

மேலூர் பக்கத்திலிருந்து 44 வயது வாசகர் எழுதியிருக்கிறார்: "அப்பா கணையப் புற்றுநோயில் போன வருடம் இறந்துவிட்டார். எனக்கும் வருமா? ஆறாயிரம் ரூபாய்க்கு ரத்தம் பார்த்தால் முன்கூட்டியே தெரியும் என்று ஒருவர் வீட்டுக்கே வந்து சொல்கிறார். எனக்கு பீடிப் பழக்கம் உண்டு."

அந்த ஆறாயிரத்தைக் கொடுக்காதீர்கள். அவர் சொல்வது பெரும்பாலும் சிஏ 19-9 என்ற பொருள் ரத்தத்தில் எவ்வளவு என்று பார்க்கும் பரிசோதனையாக இருக்கும். நோய் உறுதியானவருக்கு சிகிச்சை கேட்கிறதா என்று பார்க்கத்தான் அது. பித்தக்கல் அடைத்தாலும் ஏறும். ஆரம்பக் கட்டப் புற்றுநோயில் ஏறாமலும் இருக்கும். ஏறினால் பீதி, ஏறாவிட்டால் பொய் நிம்மதி. இரண்டிலும் கமிஷன் அவருக்கு.

இந்தியாவில் 2022-ல் புதிதாகப் புற்றுநோய் வந்தவர்கள் சுமார் 14 லட்சம் பேர் என்பது மதிப்பீடு. கணையம் அதில் நூற்றில் ஒன்று அளவுதான். ஆனால் முற்றிய பிறகே தெரிவதால் பிழைப்பவர்கள் குறைவு. அப்பா ஒருவருக்கு மட்டும் வந்திருந்தால் உங்களுக்கு அபாயம் கொஞ்சம் கூடுதல், அவ்வளவுதான். கடைசி வரியில் போகிறபோக்கில் எழுதினீர்களே, அந்த பீடிதான் என் கவலை. புகைப்பவர்களுக்கு இந்த நோய் வரும் வாய்ப்பு ஏறக்குறைய இரண்டு மடங்கு.

கணையப் புற்றுநோய் சில சமயம் சர்க்கரையாகத் தலைகாட்டும். அதற்காகச் சர்க்கரை நோயாளிகள் எல்லோரும் பயப்பட வேண்டியதில்லை. ஒரு விதிவிலக்கு உண்டு. ஐம்பதைத் தாண்டியவர், ஒல்லியானவர், வீட்டில் யாருக்கும் சர்க்கரை கிடையாது. திடீரென்று சர்க்கரை வருகிறது, சாப்பாட்டைக் குறைக்காமலே எடை இறங்குகிறது. அவரிடம் மாத்திரையை மட்டும் நீட்டி அனுப்பக் கூடாது. கணையத்தையும் பார்க்க வேண்டும். இப்படிப்பட்டவர்களிலும் பலருக்கு ஒன்றும் இருக்காது. இருந்தாலும் பார்க்க வேண்டும்.

அப்புறம் காமாலை. வலியே இல்லாமல் கண் மஞ்சளாகி, உடம்பு அரித்து, மலம் வெளுத்தால் கணையத்தின் தலைப்பகுதிக் கட்டி பித்தக்குழாயை அழுத்தியிருக்கலாம். நம் ஊரில் என்ன நடக்கிறது? விடியற்காலையில் மருந்து ஊற்றுகிற இடத்துக்கு ஆட்டோ, கீழாநெல்லி, உப்பில்லாப் பத்தியம், மூன்று வாரம். அறுவை செய்ய வாய்ப்பிருந்த நாட்கள் அதிலேயே போய்விடுகின்றன. எங்கள் டாக்டர்களும் சளைத்தவர்களில்லை. ரத்தத்தில் பிலிருபின் என்ற மஞ்சள் நிறமியின் அளவை மட்டும் பார்த்துவிட்டு "ரெஸ்ட் எடுங்க" என்கிறார்கள். வயிற்று ஸ்கேனுக்கு ஒரு வரி எழுத எவ்வளவு நேரமாகும்? சிடி ஸ்கேனுக்கு நாள் கணக்கில் காக்க வைப்பதை என்ன சொல்ல!

மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையில் குடல், இரைப்பை அறுவை சிகிச்சைக்குத் தனிப் பிரிவு இருக்கிறது. குடும்ப ஆண்டு வருமானம் 1,20,000 ரூபாய்க்குள் இருந்தால் முதலமைச்சர் காப்பீட்டு அட்டைக்கு இப்போதே பதிந்து வையுங்கள். வருமானச் சான்று, ரேஷன் கார்டு, ஆதார் மூன்றையும் எடுத்துச் செல்லுங்கள். அட்டை வாங்கித் தருகிறேன் என்று ஒருவர் வருவார். அவருக்கும் காசு கொடுக்க வேண்டாம்.