ஈசூன் வீட்டை விற்றுப் பாய்மரப் படகில் குடியேறலாமா?

கேள்வி: ஐயா, எனக்கு வயது 57. கப்பல் பட்டறை ஒன்றில் எஞ்சின் பிரிவில் முப்பது ஆண்டுகளுக்கு மேல் வேலை செய்து, இந்த 2025ஆம் ஆண்டு இறுதியில் ஓய்வு பெறுகிறேன். என் மனைவிக்கு இவ்வாண்டு 55 முடிந்தது. மகள் திருமணமாகி மெல்பர்னில் இருக்கிறாள். சிங்கப்பூரின் ஈசூனில் எங்கள் இருவர் பெயரிலும் உள்ள நான்கறை வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) வீட்டின் கடன் முடிந்துவிட்டது. அது 580,000 வெள்ளிக்கு (சிங்கப்பூர் டாலர்) போகும் என்று முகவர் சொல்கிறார். வங்கியிலும் சேமிப்புப் பத்திரங்களிலும் 260,000 வெள்ளி உள்ளது. வீட்டை விற்று, மலேசியாவின் லங்காவியில் விலைக்கு வந்துள்ள, 2009இல் கட்டிய 42 அடி கட்டமரான் (இரட்டை உடல் பாய்மரப் படகு) ஒன்றை 220,000 வெள்ளிக்கு வாங்கி, லங்காவி, தாய்லாந்தின் புக்கெட், பிறகு இந்தோனேசியாவின் அனம்பாஸ், கொமோடோ, ராஜா அம்பாட் என்று தீவு தீவாகப் பத்து ஆண்டுகளாவது படகிலேயே வாழ நினைக்கிறோம். பிறகு படகை விற்றுவிடலாம். வீட்டை விற்காமல் வாடகைக்கு விட்டால் மாதம் 2,900 வெள்ளி கிடைக்கும்; ஓர் அறையைப் பூட்டிவைத்து மற்ற அறைகளை மட்டும் வாடகைக்கு விடலாம் என்கிறார் ஒரு நண்பர். மாதச் செலவு 2,500 வெள்ளி. என் கணக்கில் மீதிப் பணம் இருபது ஆண்டுக்கு வரும். சரியா? (பின்குறிப்பு என் மனைவி எழுதச் சொன்னது: பக்கத்துத் தீவான பாத்தாமுக்குப் போகும் படகுப் பயணத்திலேயே அவருக்கு வாந்தி வரும்.)

பதில்: உங்கள் கணக்கைத் திரும்பப் போட்டுப் பார்த்தேன். 580,000இல் படகுக்கு 220,000 போனால் 360,000 மிஞ்சும். அதனுடன் 260,000 சேர்த்தால் 620,000. ஆண்டுக்கு 30,000 என்றால் இருபது ஆண்டு. கூட்டல் கழித்தலில் பிழை இல்லை. ஆனால் அந்த 580,000 முழுவதும் உங்கள் கைக்கு வராது என்பதையும், அந்த 30,000இல் படகின் செலவு ஏறக்குறைய இல்லவே இல்லை என்பதையும் சேர்த்துப் பார்த்தால், இருபது ஆண்டு ஆறு ஆண்டாகச் சுருங்குகிறது.

முதலில் வீட்டுப் பணம். நீங்கள் அனுப்பியுள்ள மத்திய சேம நிதி (மசேநி, அதாவது சம்பளத்திலிருந்து கட்டாயமாகச் சேரும் ஓய்வுக்கால நிதி) அறிக்கைகளின்படி, வீட்டுக்காக உங்கள் கணக்கிலிருந்து எடுத்த தொகை, அதற்கு ஆண்டுக்கு 2.5 விழுக்காடாகச் சேர்ந்த வட்டியோடு, 190,000 வெள்ளி. உங்கள் துணைவியாருடையது 140,000. வீட்டை விற்கும் நாளில் இந்த 330,000 வெள்ளி மசேநிக்குத் திரும்பச் செல்ல வேண்டும். 55 வயதைக் கடந்தவர்களுக்கு அந்தத் தொகை முதலில் ஓய்வுக்காலக் கணக்கை முழு ஓய்வுக்காலத் தொகை வரை நிரப்பும். அதற்கு மேல் உள்ளதைத்தான் எடுக்கலாம். நீங்கள் 2023இல் 55 ஆனவர் என்பதால் உங்களுக்கு அந்த வரம்பு 198,800 வெள்ளி; கணக்கில் இருப்பது 120,000; ஆகவே 78,800 அங்கேயே நின்றுவிட, 111,200 உங்களுக்குக் கிடைக்கும். உங்கள் துணைவியாருக்கு 2025ஆம் ஆண்டின் வரம்பான 213,000 பொருந்தும்; அவர் கணக்கில் 70,000தான் இருப்பதால், திரும்பிச் செல்லும் 140,000 முழுவதும் உள்ளேயே தங்கிவிடும். முகவர், வழக்கறிஞர் கட்டணத்துக்கு ஏறத்தாழ 12,000 கழித்தால், கைக்கு வருவது 349,000 வெள்ளி அளவில்தான் இருக்கும்.

உள்ளே தங்கும் பணம் வீணாவதில்லை. அதற்குக் குறைந்தது 4 விழுக்காடு வட்டி உண்டு. 65 வயதிலிருந்து வாழ்நாள் முழுவதும் மாத வருமானமாக வரும். ஆனால் அதைக் கொண்டு இன்று பாய் வாங்க முடியாது. உங்களுக்கு அந்த வருமானம் தொடங்க எட்டு ஆண்டும், துணைவியாருக்குப் பத்து ஆண்டும் இருக்கின்றன. உங்கள் திட்டத்தின் மெலிந்த இடம் இந்த இடைவெளிதான்.

அடுத்தது படகு. படகின் மதிப்பில் பத்தில் ஒரு பங்கை ஆண்டுதோறும் பராமரிப்புக்கு ஒதுக்க வேண்டும் என்பது படகுக்காரர்களிடையே நெடுங்காலமாக உள்ள வழக்கு. அந்த அளவு புதுப் படகுக்குத் தேவைக்கு மிகையாகவும் பழைய படகுக்குப் போதாமலும் இருக்கும் என்பது என் எண்ணம், ஏனெனில் படகின் விலை பாதியாகக் குறையலாம், எஞ்சினின் விலை குறைவதில்லை. நீங்கள் பார்த்திருப்பது 2009இல் கட்டிய படகு. பாய்மரத்தைத் தாங்கும் எஃகுக் கம்பிகளைப் பத்திலிருந்து பதினைந்து ஆண்டுக்குள் மாற்றியிருக்க வேண்டும் என்று காப்புறுதி நிறுவனங்கள் பெரும்பாலும் எதிர்பார்க்கின்றன. மாற்றிய ரசீது இல்லையென்றால் அந்தச் செலவு உங்களுடையது. வெப்பமண்டல நீரில் கொட்டலசும் பாசியும் விரைவில் பிடிப்பதால், படகைக் கரையேற்றிச் சுரண்டி, தடுப்புச் சாயம் பூசும் வேலை அடிக்கடி வரும். வெயில் பாய்த்துணியைத் தின்றுவிடும். கட்டமரானுக்கு எஞ்சின் இரண்டு. படகுத்துறையில் அது இரட்டைப் படகின் இடத்தைப் பிடிப்பதால் கட்டணமும் ஒற்றை உடல் படகைவிடக் கூடுதலாகவே இருக்கும். (நம் கட்டுமரம் என்ற சொல்தான் ஆங்கிலேயர் வாயில் கட்டமரானாகி, இப்போது இந்த விலையில் நம்மிடமே திரும்பி வந்திருக்கிறது.) மின்னலையும் சொல்ல வேண்டும்: மலாக்கா நீரிணைப் பகுதி உலகில் மின்னல் மிகுந்த பகுதிகளில் ஒன்று, நீங்கள் வெட்டவெளியில் உயரமான உலோகக் கம்பம் ஒன்றை நட்டுக்கொண்டு அங்கே வாழப்போகிறீர்கள். ஒரு மின்னல் படகிலுள்ள மின்னணுக் கருவிகள் அனைத்தையும் ஒரு நொடியில் கருக்கிவிடலாம். காப்புறுதி இருந்தாலும் முதல் பகுதியை நீங்களே ஏற்க வேண்டியிருக்கும்.

ஆகவே 220,000 வெள்ளிப் படகுக்கு முதல் ஆண்டுச் சீரமைப்பு 44,000, அதன்பின் ஆண்டுக்கு 22,000 என்று வைக்கிறேன். சாப்பாடு, எரிபொருள், விசா, தொலைபேசி முதலியவற்றுக்கு 24,000. மருத்துவக் காப்புறுதிக்கும், சிங்கப்பூருக்கும் மெல்பர்னுக்கும் போய்வரும் பயணங்களுக்கும் 9,000. ஆண்டுக்கு மொத்தம் 55,000 வெள்ளி. கையிருப்போ, 349,000உடன் 260,000 சேர்த்து, படகையும் சீரமைப்பையும் கழித்தால் 345,000. ஆறு ஆண்டும் சில மாதங்களும் ஓடும். அப்போது உங்களுக்கு 63 வயது. மசேநி வருமானத்துக்கு இன்னும் இரண்டு ஆண்டு இருக்கும். தலைக்கு மேல் கூரை இருக்காது. கையில் 22 ஆண்டுப் பழைய படகு இருக்கும்.

அந்தப் படகை விற்றுவிடலாம் என்று நீங்கள் எழுதியிருக்கிறீர்கள். லங்காவியிலும் புக்கெட்டிலும் படகுகள் மலிவாகக் கிடைப்பதற்குக் காரணம் உண்டு. பசிபிக் கடந்து வருபவர்கள் பலரும் பயணத்தை அங்கேயே முடித்துக்கொள்கிறார்கள்; மேற்கே போக வேண்டுமென்றால் இந்தியப் பெருங்கடலும் செங்கடலும் குறுக்கே நிற்கின்றன. 2008க்குப் பின் சோமாலியக் கொள்ளையர்களாலும், 2023 இறுதியிலிருந்து ஏமன் பக்கத்துத் தாக்குதல்களாலும் அந்த வழி அச்சத்துக்குரியதாயிற்று. விற்பவர் கூடி வாங்குபவர் குறைந்த சந்தை அது. இன்று வாங்குபவராக அதன் பயனை அடையும் நீங்கள், நாளை அதே துறையில் அதே வரிசையில் விற்பவராக நிற்பீர்கள். எனவே படகுக்குக் கொடுக்கும் பணத்தைத் திரும்ப வராத பணம் என்றே எழுதிவையுங்கள். ஏதேனும் வந்தால் அது மிகை.

இதனால்தான் வீட்டை விற்க வேண்டாம் என்கிறேன். வீவக மறுவிற்பனை விலைக் குறியீடு 2021இல் 12.7 விழுக்காடும் 2022இல் 10.4 விழுக்காடும் ஏறியது. அந்த இரண்டு ஆண்டு கடலில் இருந்துவிட்டுத் திரும்பிய ஒருவர், 500,000 வெள்ளிக்கு விற்ற வீட்டைப் போன்ற ஒன்றை மீண்டும் வாங்க 620,000க்கு மேல் எண்ணிவைக்க வேண்டியிருந்திருக்கும். விலை எப்போதும் அப்படி ஏறும் என்று நான் சொல்லவில்லை. 99 ஆண்டுக் குத்தகையும் கரைந்துகொண்டுதான் இருக்கிறது. ஆனால் விற்றவருக்கு அந்த ஏற்றத்திலிருந்து பாதுகாப்பே கிடையாது. வைத்திருந்தால், 65 வயதுக்குப் பிறகு குத்தகையின் கடைசிப் பகுதியை வீவகவிடமே விற்று அதே வீட்டில் வசித்துக்கொண்டு ஓய்வுக்காலக் கணக்கை நிரப்பும் வழியும் திறந்திருக்கும்.

வீட்டை முழுமையாக வாடகைக்கு விடுங்கள். நீங்கள் இருவரும் குடிமக்கள், குறைந்தபட்சக் குடியிருப்புக் காலமும் முடிந்துவிட்டது. வீவகவின் அனுமதி பெற்றால் போதும். ஓர் அறையைப் பூட்டிவைத்து மற்ற அறைகளை மட்டும் வாடகைக்கு விட்டுவிட்டுப் போகலாம் என்று உங்கள் நண்பர் சொன்னதைக் கேட்காதீர்கள். அறை வாடகை என்றால் உரிமையாளர் அங்கே வசிக்க வேண்டும். இல்லையென்றால் வீட்டுக்கே ஆபத்து.

நீங்கள் சொல்லும் 2,900 வெள்ளி வாடகையில், ஆண்டுக்கு ஒரு மாதம் காலியாகக் கிடக்கும் என்று பதினொரு மாதத்தையே எண்ணினால் 31,900. உரிமையாளர் வசிக்காத வீட்டுக்குச் சொத்து வரி, ஆண்டு மதிப்பின் (ஓராண்டு வாடகையாக மதிப்பிடப்படும் தொகையின்) 12 விழுக்காட்டிலிருந்து தொடங்கும்; அதற்கும் நகர மன்றக் கட்டணம், பழுதுபார்ப்பு, முகவருக்கும் சேர்த்து 5,000 வைத்தால் 26,900 நிற்கும். இதற்கு மேல் வருமான வரி இருக்கிறது. பலர் கவனிக்காமல் விடுவது இதைத்தான். வரிக்கணக்கில் நீங்கள் சிங்கப்பூரில் வசிப்பவர்களாகக் கருதப்பட்டால், வாடகையில் 15 விழுக்காடு செலவாகக் கழிக்கப்பட்டு மீதி இருவருக்கும் பாதிப் பாதியாகப் பிரியும். வேறு வருமானம் இல்லாததால் இருவரும் 20,000 வெள்ளி வரம்புக்குள் நிற்பீர்கள், வரியே இராது. நீங்கள் ஆண்டுக்கணக்காக வெளியே வாழ்பவர்கள் என்று கொள்ளப்பட்டாலோ, அதே தொகைக்கு 24 விழுக்காடு, அதாவது ஆண்டுக்கு 6,500 வெள்ளி கட்ட வேண்டியிருக்கும். குடியுரிமை மட்டும் இதைத் தீர்மானிப்பதில்லை. நீங்கள் இல்லாதிருப்பது தற்காலிகமானதா என்பதே கேள்வி. புறப்படும் முன் உள்நாட்டு வருவாய் ஆணையத்திடம் எழுத்தில் கேட்டுப் பதில் வாங்கிவையுங்கள்.

படகு சிறியதாகட்டும். 37, 38 அடி ஒற்றை உடல் படகு ஒன்றை 90,000க்குள் பார்த்து, சீரமைப்புக்கு 20,000 வையுங்கள். வாங்கும் முன், விற்பவரோடு தொடர்பில்லாத சர்வேயர் ஒருவரைக் கொண்டு, படகை நீரிலிருந்து தூக்கிச் சோதிக்க வேண்டும்; நீரில் மிதக்கும் படகைப் பார்த்து விலை பேசுவது, மூடிய சூட்கேஸை வாங்குவதற்குச் சமம். உங்கள் சேமிப்பில் 150,000 மிஞ்சும். அதில் 60,000ஐ அவசர நிதியாகத் தனியே, தொடாமல் வைத்தால் செலவுக்கு 90,000. பராமரிப்பு 15,000 (பத்தில் ஒரு பங்கைவிடக் கூடுதலாகவே வைக்கிறேன்), வாழ்க்கைச் செலவு 24,000, மருத்துவமும் பயணமும் 9,000 என ஆண்டுக்கு 48,000. வரி கட்டினால் பற்றாக்குறை ஆண்டுக்கு 27,600. கட்ட வேண்டியதில்லை என்றால் 21,100. மூன்று ஆண்டு நிச்சயம். நான்கைத் தொட வாய்ப்புண்டு. பத்து ஆண்டு என்று கேட்டவருக்கு மூன்று என்று சொல்வது கசப்பாக இருக்கும். ஆனால் இந்த மூன்றின் முடிவில் வீடு, அவசர நிதி, வளர்ந்துகொண்டிருக்கும் மசேநி மூன்றும் அப்படியே இருக்கும். எஞ்சின் தெரிந்த கை உங்களுடையது; பிறர் கூலி கொடுத்துச் செய்யும் வேலையை நீங்களே செய்வீர்கள் என்பதை நான் கணக்கில் சேர்க்கவில்லை. படகுத்துறைகளில் அடுத்தவர் எஞ்சினைப் பழுதுபார்த்துச் சம்பாதிக்கலாமே என்றால், சுற்றுலா விசாவில் அது சட்டப்படி குற்றம். அந்த வருமானத்தை நம்ப வேண்டாம்.

பயணப் பாதையும் பண விஷயம்தான். நவம்பர் முதல் ஏப்ரல் வரை லங்காவி, புக்கெட் பக்கம் கடல் அமைதி. தென்மேற்குப் பருவக்காற்று வீசும் மாதங்களில் தியோமான், பெர்ஹெந்தியான் போன்ற மலேசியக் கிழக்குக் கரைத் தீவுகள் நல்லவை. முதல் இரண்டு ஆண்டு இந்த வட்டத்துக்குள்ளேயே சுற்றினால், உதிரிபாகமும் மருத்துவமனையும் எட்டும் தூரத்தில் இருக்கும். ராஜா அம்பாட்டில் ஒரு பம்ப் பழுதானால், பம்பின் விலையைவிட அது வந்து சேரும் செலவும், அதற்காகக் காத்திருக்கும் நாட்களும் அதிகமாகிவிடும்.

மருத்துவத்தில் ஓர் எச்சரிக்கை. சிங்கப்பூரின் அடிப்படை மருத்துவக் காப்புறுதியான மெடிஷீல்டு லைஃப் வெளிநாட்டுச் சிகிச்சைக்குப் பணம் தராது. ஆனாலும் அதன் சந்தா தொடரும், மசேநியின் மருத்துவச் சேமிப்புக் கணக்கான மெடிசேவில் அதற்குப் பணம் இருக்க வேண்டும். ஆண்டு முழுவதற்குமான பயணக் காப்புறுதிகள் பல, ஒரு பயணத்தை 90 நாட்களோடு நிறுத்திவிடும். கரையிலிருந்து தொலைவில் பாய்ப்படகில் செல்வதை விலக்கிவைக்கும் திட்டங்களும் உண்டு. வெளிநாட்டில் வாழ்பவர்களுக்கான மருத்துவக் காப்புறுதியைத் தனியே எடுங்கள். 57 வயதில் கிடைப்பது 60இல் அதே விலைக்குக் கிடைக்காது. உயில், மசேநி நியமனம், ஒருவர் முடிவெடுக்கும் திறனை இழந்தால் மற்றவர் செயல்படுவதற்கான அதிகாரப் பத்திரம் ஆகிய மூன்றையும் கரையில் இருக்கும்போதே முடித்து, நகல்களை மகளிடம் கொடுத்துவிடுங்கள்.

கடைசியாக, உங்கள் துணைவியாரின் பின்குறிப்பு. உங்கள் கடிதத்திலேயே பெரிய நிதி அபாயம் அந்த ஒரு வரிதான். வாங்கிய ஆறு மாதத்தில் ஒருவர் கரையிறங்கிவிட்டால், படகை வந்த விலைக்குத் தள்ள வேண்டிவரும். 110,000இல் பாதி போகும். ஆகவே எதிலும் கையெழுத்திடாமல், லங்காவியில் ஒரு படகை மாலுமியோடு இரண்டு வாரம் வாடகைக்கு எடுங்கள். டிசம்பரின் அமைதியான கடலில் வேண்டாம். செப்டம்பரில் எடுங்கள், மழையும் காற்றும் இருக்கட்டும். சுக்கானை நீங்கள் மட்டும் பிடிக்காமல் அவரும் பிடிக்கட்டும், நங்கூரத்தை அவரே இறக்கி ஏற்றட்டும். உங்களுக்கு நெஞ்சு வலி வந்தால் படகைத் துறைக்குக் கொண்டுவர வேண்டியவர் அவர்தான். பதினான்காம் நாள் மாலை அவர் என்ன சொல்கிறார் என்பதை எனக்கு எழுதுங்கள். அடுத்த கணக்கை அதன்பின் போடுவோம்.