நரிக்கு எந்தத் தோட்டா வாங்குவது?

கேள்வி: ஆஸ்திரேலியாவில் விக்டோரியா மாநிலத்தில் பல்லாரட்டுக்கு வெளியே 40 ஏக்கரில் ஆடு வளர்க்கிறோம். குட்டி போடும் சமயத்தில் நரித் தொல்லை தாங்க முடியவில்லை. ஏ, பி இரண்டு வகைத் துப்பாக்கிக்கும் உரிமம் கிடைத்துவிட்டது. கடைக்காரர் .22-250 என்ற தோட்டாதான் வேகம், அதையே எடுங்கள் என்கிறார். பக்கத்துப் பண்ணைக்காரரோ சாதாரண .22 போதும், அதுதான் ஆபத்தில்லாதது என்கிறார். யார் சொல்வதைக் கேட்க?

பதில்: இரண்டையும் விட்டுவிட்டு .223 ரெமிங்டன் தோட்டாவுக்கான துப்பாக்கி வாங்குங்கள்.

நரி பெரும்பாலும் ஐந்தாறு கிலோதான் இருக்கும், அதை வீழ்த்தப் பெரிய பலம் ஒன்றும் தேவையில்லை, சரியான இடத்தில் பட்டால் போதும். இரவில் லைட் அடித்துச் சுடுகிறவர்கள் நூறு, நூற்றைம்பது மீட்டருக்குள்தான் சுடுகிறார்கள், விசில் ஊதி வரவழைத்தால் இன்னும் கிட்டத்திலேயே கிடைக்கும். இப்போது உங்கள் நிலத்தைக் கணக்குப் போடுங்கள். 40 ஏக்கர் சதுரமாக இருந்தால் ஒரு பக்கம் 400 மீட்டர், அவ்வளவுதான். 300 மீட்டருக்கு அப்பால் போய் அடிக்கும் தோட்டாவுக்குக் காசு கொடுத்தால், அந்த வேகம் வேலிக்கு அந்தப் பக்கம்தான் பயன்படும், அங்கே நீங்கள் சுடவே கூடாது.

.22-250 மோசமானது என்று சொல்லவில்லை. ரெமிங்டன் அதை 1965-இல் கடைக்குக் கொண்டுவந்தது. 55 கிரெய்ன் (குண்டின் எடையைச் சொல்லும் அளவு) குண்டு விநாடிக்கு 1,100 மீட்டருக்கு மேல் பாயும், பரந்த சமவெளியில் அருமையான தோட்டா. ஆனால் சத்தம் அதிகம், குழல் சீக்கிரம் சூடாகிறது, தொடர்ந்து சுட்டால் குழலின் தொண்டை, அதாவது தோட்டா அறையை ஒட்டிய உட்பகுதி, .223-ஐ விட வேகமாகத் தேயும், தோட்டாப் பெட்டி விலையும் கூடுதல். அதே 55 கிரெய்ன் குண்டை .223 ஏறக்குறைய 990 மீட்டர் வேகத்தில் அனுப்புகிறது. 200 மீட்டருக்குக் குறி சரிசெய்து வைத்தால் நூறு மீட்டரில் நாலைந்து சென்டிமீட்டர்தான் மேலே போகும். இதற்கு மேல் என்ன வேண்டும்? முதல் துப்பாக்கி வாங்குகிறவருக்கு விலைதான் முக்கியமான விஷயம் என்பேன், ஏனென்றால் தோட்டா மலிவாக இருந்தால்தான் பலகையில் சுட்டுப் பழகுவீர்கள்; பழகாதவர் கையில் எந்தத் தோட்டாவும் நரியைக் காயப்படுத்தித்தான் அனுப்பும்.

அடுத்து உங்கள் பக்கத்துக்காரர் பேச்சு. அவர் சொல்லும் சாதாரண .22, அதாவது .22 எல்.ஆர்., சின்னது, அதனால் பாதுகாப்பானது என்று நிறையப் பேர் நம்புகிறார்கள், எனக்கு இது எரிச்சலூட்டும் நம்பிக்கை. அந்த மெதுவான ஈயக் குண்டு கல்லிலோ காய்ந்த தரையிலோ பட்டால் உடையாமல் தெறித்துப் பறக்கும், தடையில்லாவிட்டால் ஒரு கிலோமீட்டருக்கு மேலும் போகும். மெல்லிய உறை போட்ட வேகமான .223 குண்டு மண்ணில் பட்டதும் பெரும்பாலும் சிதறிவிடும். அதற்காக எதுவும் தெறிக்காது என்று எண்ணிக்கொள்ளாதீர்கள். பின்னால் மண்மேடு இல்லையென்றால் எந்தத் துப்பாக்கியானாலும் சுடாதீர்கள். பலத்திலும் .22 எல்.ஆர். .223-இல் பத்தில் ஒரு பங்குதான், நரி அடிபட்டு ஓடிப்போய்ப் புதரில் சாகும்.

வீடுகள் கிட்டத்தில் இருந்து சத்தம்தான் பிரச்சினை என்றால் .17 எச்.எம்.ஆர். என்ற சின்னத் தோட்டாவைப் பார்க்கலாம். 2002-இல் வந்தது, ஏ வகை உரிமத்திலேயே அடங்கும், நூறு மீட்டருக்குள் நரிக்குப் போதும். 17 கிரெய்ன் குண்டு என்பதால் காற்றடித்தால் விலகும், பல்லாரட் காற்று உங்களுக்குத் தெரியாததா.

துப்பாக்கியில் மிச்சம் பிடித்து ஸ்கோப்புக்கும் விளக்குக்கும் செலவு செய்யுங்கள். வெளிச்சத்தில் மினுங்கும் கண் நரியுடையதா, அடுத்த வீட்டு நாயுடையதா என்று உடல் முழுதும் தெரியும்வரை விசையைத் தொடக் கூடாது. அரைத் தானியங்கி ரைஃபிள்கள் 1996 போர்ட் ஆர்தர் துப்பாக்கிச்சூட்டுப் படுகொலைக்குப் பிறகு வந்த சட்டத்தால் உங்கள் ஏ, பி உரிமத்தில் கிடைக்காது, ஒவ்வொரு தோட்டாவையும் கையால் இழுத்து ஏற்றும் போல்ட் ஆக்‌ஷன்தான், நரிக்கு அது தாராளம். உரிமம் இருந்தாலும் துப்பாக்கி ஒவ்வொன்றுக்கும் தனியாக வாங்கும் அனுமதி வேண்டும், ஆகவே முன்பணம் கட்டுவதற்கு முன் காத்திருப்புக் காலத்தைக் கேட்டுக்கொள்ளுங்கள். குழலின் உள்முறுக்கு (குண்டைச் சுழலவைக்கும் வரிகள்) எட்டு அல்லது ஒன்பது அங்குலத்துக்கு ஒரு சுற்று என்று இருந்தால், பின்னால் ஈயமில்லாத நீளமான செப்புக் குண்டுக்கு மாறினாலும் சரியாகப் போகும்.

கேள்வி: 5.56 என்று அச்சிட்ட தோட்டா மலிவாகக் கிடைக்கிறது. .223 துப்பாக்கியில் போடலாமா?

பதில்: வேண்டாம். வெளி அளவு ஒன்றாகத்தான் இருக்கும், உள்ளே போகவும் செய்யும், ஆனால் .223 துப்பாக்கியில் தோட்டா அறைக்கு முன்னால் உள்ள இடைவெளி குறைவு, அதனால் அழுத்தம் அளவுக்கு மீறி ஏறலாம். 5.56 அறை உள்ள துப்பாக்கியில் .223 போடுவதில் சிக்கலில்லை.

கேள்வி: நரிக்கு வாங்குவதையே மானுக்கும் வைத்துக்கொள்ளலாமா? இரண்டு துப்பாக்கி வாங்க வசதியில்லை.

பதில்: அப்படியானால் .243 வின்செஸ்டர். 1955-இல் வந்த பழைய தோட்டா, நரிக்கு லேசான குண்டு, மானுக்குக் கனமான குண்டு என்று மாற்றிப் போடலாம். விக்டோரியாவில் ஃபாலோ மானை வேட்டையாட .243 அளவும் 80 கிரெய்ன் குண்டும் குறைந்தபட்சம், சாம்பார் மானுக்கு .270-உம் 130 கிரெய்னும் வேண்டும், .243 செல்லாது. குண்டை மாற்றினால் குறியையும் மறுபடி சரிசெய்ய வேண்டும், இதைத்தான் பலர் மறந்துவிடுகிறார்கள்.

கேள்வி: எங்களிடம் இருப்பது ஐந்து ஏக்கர், முப்பது கோழி. எந்த ரைஃபிள் நல்லது?

பதில்: எதுவும் வேண்டாம். ஐந்து ஏக்கரில் பத்திரமாகச் சுட இடம் கிடைப்பதே கஷ்டம். இரவில் கோழியை அடைக்கும் கூண்டைச் சரியாகக் கட்டுங்கள், கம்பிவலையின் அடிப்பகுதியை வெளிப்பக்கமாக மடித்துப் புதையுங்கள், நரி தோண்டித்தான் வரும். மேலே ஒரு மின்வேலிக் கம்பி. காவலுக்கு நாய் வளர்க்க நினைத்தால் மரேம்மா இனம் இருக்கிறது. வார்னம்பூலில் மிடில் ஐலண்ட் தீவின் பென்குயின்களை 2006 முதல் நரியிடமிருந்து காத்தது அந்த நாய்கள்தான். ஆனால் அது பெரிய நாய், ராத்திரி முழுக்கக் குரைக்கும், அக்கம்பக்கத்தில் முதலிலேயே சொல்லி வையுங்கள்.